கான்கிரீட் கட்டடத்தில் இடிதாங்கியையும் பில்லர் கம்பியையும் இணைக்கலாமா?

பர்கூருக்கு அருகே பாறைநிலத்தில், தரைத்தளத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடமும் மேலே மூன்று மாடிகளில் வாடகைக் குடியிருப்புகளுமாக ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கியிருக்கும் அன்பர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். இடிதாங்கியிலிருந்து இறங்கும் பட்டை பில்லர் கம்பியை எந்த இடத்திலும் தொடக்கூடாது, தொட்டால் மின்னல் இறங்கும்போது பில்லர் வெடித்துவிடும் என்று அவருடைய ஒயர்மேன் சொல்கிறார். அது உண்மையா என்பது முதல் கேள்வி. இடிதாங்கிக்கு ஒன்று, ஈ.பி. மீட்டருக்கு ஒன்று, பரிசோதனைக் கருவிகளுக்கு ஒன்று என்று மூன்று எர்த் குழிகளை ஒன்றோடொன்று சேராமல் வைக்கச் சொல்வது சரியா என்பது இரண்டாவது. நான்கடி தோண்டினாலே பாறை வந்துவிடும் இடத்தில் எர்த் அளவை (எர்த்தின் மின்தடையை) எப்படிக் குறைப்பது என்பது மூன்றாவது. கட்டடம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம், பில்லர்கள் பன்னிரண்டு, ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்) குழிகளில் கம்பி மேட் (கம்பி வலை) விரித்தாகிவிட்டது, அடுத்த வாரம் கான்கிரீட் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசித் தகவல்தான் என்னை உடனே எழுத வைத்தது. இடிதாங்கி என்பது கட்டடம் முடிந்து வெள்ளையடிக்கும்போது மொட்டை மாடியில் நட்டுவிட்டுப் போகிற ஒரு கம்பி என்ற எண்ணம் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் கான்கிரீட் கட்டடத்தில் அந்த வேலையின் முக்கால் பங்கு ஃபுட்டிங் கான்கிரீட் விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. உங்கள் கைவசம் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அது போதும்.

முதலில் சுருக்கமான விடை. இடிதாங்கியைப் பில்லர் கம்பியோடு இணைக்கத்தான் வேண்டும், விலக்கி வைக்கக்கூடாது. எர்த் குழிகள் எத்தனை இருந்தாலும் அவை அனைத்தும் தரைமட்டத்தில் ஒரே வலையாகக் கட்டப்பட வேண்டும். பாறைநிலத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த எர்த், நீங்கள் கான்கிரீட் கொட்டப்போகும் அந்த ஃபுட்டிங்கும், தரைமட்டத்தில் பில்லர்களை இணைக்கும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீமுமே. இனி இவற்றுக்கான காரணங்களைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் தளத்தில் மேஸ்திரியும் ஒயர்மேனும் மாற்றிச் சொல்லும்போது நீங்கள் உறுதியாக நிற்க முடியும்.

பில்லர் வெடிக்கும் என்ற அச்சத்திலிருந்து தொடங்குவோம். மின்னல் பாதுகாப்புக்கு நம் நாட்டில் இன்று பின்பற்றப்படும் தரநிலை ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 62305, பழைய ஐ.எஸ். 2309-க்குப் பதிலாக வந்தது. அந்தத் தரநிலை பாதுகாப்பை நான்கு வகுப்புகளாகப் பிரித்து, முதல் வகுப்புக்கு 200 கிலோ ஆம்பியர், இரண்டாவதற்கு 150, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் 100 கிலோ ஆம்பியர் உச்ச மின்னோட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இடர்க் கணக்கீட்டைச் செய்த பிறகே உங்கள் கட்டடத்தின் வகுப்பை உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், இவ்வகைக் கட்டடங்கள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் அமைவதால் அதை வைத்தே பேசுகிறேன். 100 கிலோ ஆம்பியர் மின்னல் முழுவதும் 50 சதுர மி.மீ. குறுக்களவுள்ள ஒரே இரும்புக் கம்பியின் வழியாகப் பாய்ந்தாலும் அதன் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரிதான் உயரும்; குறுக்களவு 100 சதுர மி.மீ. ஆனால் அந்த உயர்வு 9 டிகிரியாகக் குறைந்துவிடும். உங்கள் பில்லரில் இருக்கும் 16 மி.மீ. கம்பி ஒன்றின் குறுக்களவே 201 சதுர மி.மீ. அப்படி ஒரு பில்லருக்கு ஆறோ எட்டோ கம்பிகள், அப்படிப் பன்னிரண்டு பில்லர்கள் என்று மின்னோட்டம் பங்கிட்டுக்கொண்டு இறங்கும்போது, ஒவ்வொரு கம்பியும் அடையும் சூடு சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் கம்பியின் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் மின்னல் விழுந்து கான்கிரீட் சிதறியதைப் பலரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பார்த்தது உண்மை, காரணம் வேறு. மின்னல் நேராகக் கான்கிரீட்டின் பரப்பில் விழுந்து, மூடியிருக்கும் நாலைந்து சென்டிமீட்டரைத் துளைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கம்பியை எட்டும்போது, அந்தப் பாதையிலுள்ள ஈரம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகி விரிவடைந்து கான்கிரீட்டைப் பெயர்த்து எறிகிறது. கைப்பிடிச் சுவரின் மூலைகளிலும் தண்ணீர்த் தொட்டி மேடையின் விளிம்பிலும்தான் இப்படிச் சில்லுகள் பெயர்வதைப் பெரும்பாலும் காண்கிறோம். அதேபோல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விட்டுப்போன இடத்தில் மின்பொறி தாவினால் அங்கும் விரிசல் வரும். இரண்டிலும் குற்றவாளி இடைவெளிதான். இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கும் பாதையில் அமைதியாக இறங்கிப்போகும் மின்னோட்டம் கான்கிரீட்டை ஒன்றும் செய்வதில்லை. எனவே மேலே வெளிப்படையான உலோகத்தில் மின்னலை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து அறுபடாத உலோகப் பாதையில் உள்ளே இருக்கும் கம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

விலக்கி வைப்பதில் இருக்கும் ஆபத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இறங்கு பட்டைக்கும் கட்டடத்தின் மற்ற உலோகங்களுக்கும் நடுவே பொறி தாவாமலிருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்குத் தரநிலை ஒரு சூத்திரம் தருகிறது. மூன்றாம் வகுப்பு, மூன்றுக்கு மேற்பட்ட இறங்கு பட்டைகள், 14 மீட்டர் நீளம் என்று வைத்தால் 0.04-ஐ 0.44-ஆலும் 14-ஆலும் பெருக்க வேண்டும். காற்றில் ஏறத்தாழ 25 செ.மீ. என்று வரும். செங்கல், கான்கிரீட் போன்றவை வழியாக என்றால் அதன் இரு மடங்கு, அதாவது 50 செ.மீ. உங்கள் பில்லரின் மேல் ஒரு பட்டையை ஆணியடித்து இறக்கினால், அதற்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 4 செ.மீ. கான்கிரீட் மட்டுமே. 50 தேவைப்படும் இடத்தில் 4 இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒயர்மேன் விலக்கி வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் பட்டை, தேவையான வேளையில் தானே கான்கிரீட்டைத் துளைத்துக் கம்பியோடு சேர்ந்துகொள்ளும். அந்த இணைப்பை நாமே முன்கூட்டி, திடமாக, நாம் தேர்ந்தெடுத்த இடத்தில் செய்துவிட்டால் இந்த இடைவெளிக் கணக்கே தேவைப்படாது. உட்கம்பிகள் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் கான்கிரீட் கட்டடத்துக்கு இடைவெளி விதி பொருந்தாது என்று தரநிலையே விலக்கு அளிக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்று தனிக் குழிகள் என்ற வழக்கத்தின் பின்னால், மின்னல் ஓடும் குழியிலிருந்து நம் கருவிகளைத் தள்ளி வைத்துவிட்டால் அவை தப்பும் என்ற நல்லெண்ணம் இருக்கிறது. சராசரியான ஒரு மின்னலின் முதல் வீச்சு 30 கிலோ ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் இடிதாங்கிக் குழியின் அளவு 10 ஓம் என்றால், அந்தக் கணத்தில் அந்தக் குழியும் அதோடு சேர்ந்த பட்டையும் தொலைவிலுள்ள நிலத்தைவிட 3 லட்சம் வோல்ட் உயரத்துக்குப் போய்விடும். வருந்தி உழைத்து 1 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 30,000 வோல்ட். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஈ.பி. எர்த் குழியும் அதோடு சேர்ந்த பரிசோதனைக் கருவியின் உடலும் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரே அறையில், ஒரே சுவரில், ஒரு கையை இறங்கு பட்டையைத் தொட்டிருக்கும் ஜன்னல் கம்பியிலும் இன்னொரு கையைக் கருவியிலும் வைத்திருக்கும் மனிதருக்கு நடுவே அந்த வேறுபாடு முழுவதும் விழும். உயர் மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு எதுவும் ஆகாமலிருப்பதற்குக் காரணம் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் இல்லாமலிருப்பது அல்லவே. அதன் இரு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருப்பதுதான். கட்டடத்துக்குள் இருக்கும் எல்லா உலோகமும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கினால், உள்ளே இருப்பவர்களுக்கும் கருவிகளுக்கும் அந்த 3 லட்சம் வோல்ட் ஒரு பொருட்டே அல்ல. சமஅழுத்த இணைப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எர்த் அளவைக் குறைப்பது இரண்டாவது வேலை. இணைப்பது முதல் வேலை.

தருமபுரியில் சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் காட்டப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு மாடி, மூன்று தனிக் குழிகள், இடிதாங்கிக் குழியில் 2 ஓம் என்று சான்றிதழும் இருந்தது. கோடை மழையின் முதல் நாளிலேயே விழுந்த மின்னலில் போர்வெல் ஸ்டார்ட்டர், கேமரா பதிவுப் பெட்டி, இணையக் கருவி, கணினிகள் என்று எதுவும் மிஞ்சவில்லை. இறங்கு பட்டைக்கு நேர் எதிரே, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் துளைத்து உள்ளே ஒயரிங் குழாய் வரைக்கும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது; சுற்றிலும் கரி. பள்ளி விடுமுறை நாள் என்பதால் அந்தச் சுவரையொட்டிப் போட்டிருந்த பெஞ்சில் பிள்ளைகள் இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்த நாளிலிருந்து, எர்த் சான்றிதழில் இருக்கும் ஓம் எண்ணை மட்டும் வைத்து எந்தக் கட்டடத்தையும் பாதுகாப்பானது என்று நான் சொல்வதில்லை.

ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னலின் முதல் வீச்சுக்குப் பின் அதே தடத்தில் வரும் அடுத்த வீச்சுகள் உச்சத்தில் சிறியவை என்றாலும் மிக வேகமாக உயர்பவை. மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரு மைக்ரோநொடிக்கு 100 கிலோ ஆம்பியர் வேகம். அது முழுவதும் ஒரே பட்டையில் வந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு லட்சம் வோல்ட் அளவில் அழுத்தம் விழும். செம்பின் தடிமனை அதிகரிப்பதால் இது பெரிதாகக் குறையாது. பாதைகளின் எண்ணிக்கையை அதிகரித்தால் குறையும். ஒரே ஒரு கனத்த செம்புப் பட்டையைவிடப் பன்னிரண்டு பில்லர்களின் கம்பிகள் மேலானவை என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே அடிப்படை. பாரடே 1836-இல் உலோகக் கூண்டுக்குள் அமர்ந்து காட்டிய அதே உண்மைதான். ஒவ்வொரு தளத்திலும் பீமும் ஸ்லாபும் பில்லரும் கம்பியால் பின்னப்பட்ட உங்கள் கட்டடம் ஏற்கெனவே பாதிக் கூண்டு. விட்டுப்போன இணைப்புகளை நிரப்பினால் போதும்.

மூன்றாவது கேள்வி, பாறை. நம் மாவட்டங்களின் நிலம் பெரும்பாலும் மேலே மெல்லிய செம்மண், கீழே கருங்கல். கோடையில் அந்தச் செம்மண்ணும் காய்ந்துவிடும். மண்ணின் மின்தடைத்திறன் 1000 ஓம்-மீட்டர் என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். வறண்ட பாறையில் இதைவிடப் பல மடங்கு வரும். அதில் 16 மி.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கம்பியை அடித்தால், அதுவும் உள்ளே இறங்கினால், கணக்குப்படி 330 ஓம் அளவில் தடை வரும். அதே நிலத்தில் 300 சதுர மீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் அடித்தளத்தை முழுவதும் ஒன்றாக இணைத்து எர்த்தாகப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 30 ஓம் வரும்; பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆழம் கிடைக்காத இடத்தில் பரப்புதான் கைகொடுக்கிறது. வெற்றுப் பாறையில் தனிக் கம்பிகளை நடும் முறையை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிய வளையமோ அடித்தள எர்த்தோ மட்டுமே அமைக்க வேண்டும் என்று தரநிலை தெளிவாகப் பரிந்துரைப்பதும் இதனால்தான். 10 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது விரும்பத்தக்கது என்று அது சொல்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் அந்த வளையம் அடைக்கும் பரப்பின் சராசரி ஆரம் 5 மீட்டருக்குக் குறையாமலிருந்தால் கூடுதல் கம்பிகள் தேவையில்லை. உங்கள் அடித்தளத்தின் சராசரி ஆரம் 9.7 மீட்டருக்கு மேல் வருகிறது. எனவே மெகரில் (எர்த் தடையை அளக்கும் கருவி) 25 ஓம் காட்டுகிறதே என்று கலங்கி, யாராவது விற்கும் விலையுயர்ந்த ரசாயன எர்த் கம்பிகளை வரிசையாக நட வேண்டாம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எப்படி எர்த்தாகும் என்ற ஐயம் பலருக்கும் வரும். மண்ணில் புதைந்த கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அந்த நிலையில் அதன் மின்தடைத்திறன் 30 முதல் 90 ஓம்-மீட்டர் அளவில்தான் இருக்கும், அதாவது சுற்றியுள்ள பாறையைவிட அது நல்ல கடத்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராக இருந்த ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர், மழை மிகக் குறைந்த அரிசோனா மாநிலத்தில் வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு மின்னல் பாதுகாப்பு அமைக்க வேண்டியிருந்தபோது, அடித்தளக் கான்கிரீட்டுக்குள் கம்பிகளை வைத்து அவற்றையே எர்த்தாகப் பயன்படுத்தினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் அவை 2 முதல் 5 ஓம் அளவிலேயே நின்றன. அவர் பெயராலேயே அந்த முறை இன்றும் வழங்குகிறது. வெடிகுண்டுக் கிடங்குக்குப் போதுமானதாக இருந்த முறை, நம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போதும்.

இனி இந்த ஒரு வாரத்தில் தளத்தில் செய்ய வேண்டியவை. கட்டமைப்புப் பொறியாளரிடம் முதலில் பேசிவிடுங்கள். முறுக்குக் கம்பிகளில் அவர் அனுமதியில்லாமல் வெல்டிங் வைக்கக்கூடாது, வெல்டிங் சூடு அந்தக் கம்பியின் வலிமையைக் கெடுக்கலாம். அந்தச் சிக்கலைத் தவிர்க்க நான் எப்போதும் விரும்பும் வழி, மின்னலுக்கென்றே தனியாக 10 மி.மீ. சாதாரண இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டமைப்புக் கம்பிகளோடு சேர்த்து ஓட்டிவிடுவது. அது ஃபுட்டிங் மேட்டில் தொடங்கி, பில்லரில் ஏறி, பிளிந்த் பீமில் நான்கு பக்கமும் சுற்றி ஒரு முழு வளையமாகி, மேலே மொட்டை மாடி வரை செல்ல வேண்டும். அதன் இணைப்புகளை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெல்டிங் செய்யலாம். எடை தாங்கும் கம்பியாக இல்லாததால் யாருக்கும் கவலையில்லை. இந்தக் கம்பியை இரண்டு மூன்று மீட்டருக்கு ஓரிடத்தில் பக்கத்திலுள்ள பில்லர் கம்பியோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால், மற்றக் கம்பிகளும் மின்னோட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கட்டமைப்புக் கம்பிகளின் லேப் நீளம் (இரு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படியும் நீளம்) விட்டத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறையக்கூடாது என்பது மின்னல் தரநிலையின் விதி, 16 மி.மீ. கம்பிக்கு 32 செ.மீ. உங்கள் பொறியாளர் வலிமைக்காகக் கேட்கும் லேப் இதைவிட அதிகமாகவே இருக்கும். கட்டுக்கம்பி இருக்கிறதே, அது போதாதா என்று கம்பி கட்டுபவர் கேட்பார். நூற்றுக்கணக்கான முடிச்சுகள் சேர்ந்து நல்ல வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எந்த முடிச்சு இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று கான்கிரீட் மூடிய பிறகு எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் நமக்குத் தெரிந்த, நாம் பார்த்து இறுக்கிய ஒரு பாதையாவது ஒவ்வொரு வெளிப்பில்லரிலும் வேண்டும் என்கிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு இறங்கு பாதைகள் ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஒன்று போதும், உங்கள் 70 மீட்டர் சுற்றளவுக்கு ஐந்து. ஆனால் நான்குக்கு மூன்று என்று நிற்கும் உங்கள் பன்னிரண்டு பில்லர்களில் வெளிச்சுற்றில் பத்து இருக்கின்றன, பத்தையும் பயன்படுத்துங்கள். கூடுதல் செலவு சில கிலோ இரும்பு மட்டுமே. மின்னோட்டம் பத்துப் பங்காகப் பிரிவதால், மழைக்குக் கட்டடத்தையொட்டி ஒதுங்கி நிற்பவர்களைத் தாக்கும் தொடு அழுத்தமும் (பட்டையைத் தொடும்போது உடலில் விழும் மின்னழுத்தம்) நடை அழுத்தமும் (இரு கால்களுக்கு நடுவே விழும் மின்னழுத்தம்) தணிந்துவிடும். ஒரே பட்டை வெளியே இறங்கும் கட்டடங்களில் அதைச் சுற்றி மூன்று மீட்டர் தூரம் ஆபத்துப் பகுதி என்று எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனைக் கூடத்துக்கு வரும் நோயாளிகள் வாசலில் நிற்கும் இடத்தில் அப்படியொரு பட்டை வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபுட்டிங்குக்குக் கீழே பாலிதீன் விரித்தாலும், அதன் மேல் தார்ப்பூச்சோ நீர்க்காப்புப் படலமோ முழுவதும் போர்த்தினாலும், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறுந்து அடித்தள எர்த் பயனற்றுப்போகும். எபாக்சி பூசிய கம்பிகளும் அப்படித்தான். உங்கள் தளத்தில் இவற்றில் எது இருந்தாலும் அடித்தளத்தை மட்டும் நம்பாமல், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் ஒரு வளையத்தைப் புதைத்து, அதைப் பில்லர்களோடு இணைக்க வேண்டும். அந்த வளையத்துக்கு நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஜி.ஐ. பட்டையைப் பயன்படுத்தாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, மின்வேதியியல் முறையில் ஏறத்தாழச் செம்பைப்போல் நடந்துகொள்கிறது. அதோடு இணைந்து ஈர மண்ணில் கிடக்கும் துத்தநாகப் பூச்சு சில ஆண்டுகளில் கரைந்துபோய், பிறகு பட்டையும் அரிக்கும். மண்ணுக்குள் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுதான் சரி. வெளியே பாதுகாப்பாகத் தெரிந்து, தோண்டிப் பார்த்தால் பட்டை இருந்த இடத்தில் செந்தூள் மட்டுமே மிஞ்சியிருந்த குழிகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபுட்டிங்குக்கு அருகே உப்பும் கரியும் போட்டு எர்த் குழி அமைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து பில்லர் கம்பியையே தின்னத் தொடங்கும். பாறையில் துளையிட்டுக் கூடுதல் எர்த் வைத்தே ஆக வேண்டுமென்றால் துளையைப் பெண்டோனைட் களிமண் கூழால் நிரப்புங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பையும் கெடுக்காது.

பிளிந்த் மட்டத்தில் எங்கெங்கே இணைப்பு தேவைப்படும் என்பதை இப்போதே குறித்து, அந்த இடங்களில் கான்கிரீட்டுக்கு வெளியே தெரியும்படி துருப்பிடிக்காத எஃகுத் தகடு அல்லது திருகுமுனையை வைத்துவிடுங்கள். மெயின் போர்டு வரும் சுவர், பரிசோதனைக் கூடத்தின் உள்ளே, லிஃப்ட் குழி இருந்தால் அது, போர்வெல் பக்கம், வெளி வளையம் பின்னால் வரக்கூடிய இரண்டு மூலைகள், மொட்டை மாடியில் பத்துப் பில்லர் தலைகள் என்று இவை போதும். கான்கிரீட் விழுந்த பிறகு இடித்துக் கம்பியைத் தேடும் வேலை உங்களுக்கும் பில்லருக்கும் நல்லதல்ல.

மெயின் போர்டுக்கு அருகே ஒரு செம்புப் பட்டையைச் சுவரில் பதித்து, கட்டடத்துக்குள் வரும் உலோகம் அனைத்தையும் அதில் கட்ட வேண்டும்: ஈ.பி. எர்த், பரிசோதனைக் கருவிகளின் எர்த், ஜெனரேட்டர் உடல், உலோகத் தண்ணீர்க் குழாய், போர்வெல்லின் இரும்புக் கேசிங், கேபிள் உறைகள். இந்தப் பட்டையை அடித்தள எர்த்தோடு இணைக்கும் செம்பு 16 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது. கருவி விற்கும் நிறுவனத்தார் தங்களுக்குத் தூய தனி எர்த் வேண்டும் என்று வற்புறுத்தினால், தனி ஒயர் கொடுக்கலாம், தனிக் குழி கொடுக்கக்கூடாது. அந்தத் தனி ஒயரும் இதே பட்டையில் வந்து முடிய வேண்டும். நியூட்ரல் மட்டும் இதில் சேராது. எல்லாவற்றையும் இணையுங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு நம் பக்க நியூட்ரலை எர்த் பட்டையில் கட்டிவிட்டால் வேறு வகை ஆபத்து வந்து சேரும். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிகளையும் நியூட்ரலையும் மின்னல் வேளையில் மட்டும் இணைப்பதற்கே எஸ்.பி.டி. என்ற மின்னெழுச்சித் தடுப்பான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக் கட்டடத்துக்கு மெயின் போர்டில் முதல் வகைத் தடுப்பான், ஒரு முனைக்கு 12.5 கிலோ ஆம்பியர், 10/350 அலை வடிவத்தில் (நேரடி மின்னலைப் போன்ற சோதனை அலை) சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நம் வீட்டு எர்த் முறைக்கு ஏற்றது மூன்று கூட்டல் ஒன்று என்ற அமைப்பு, அதாவது மூன்று ஃபேஸ்களுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மூன்று தடுப்பான்கள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று. அதற்குச் செல்லும் ஒயரும் திரும்பும் ஒயரும் சேர்த்து அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றி இங்கும் வேலை செய்யும். இரண்டு மீட்டர் ஒயரில் தொங்கவிட்ட விலையுயர்ந்த தடுப்பானால் பயனில்லை. ஒவ்வொரு தள டி.பி.யிலும் (மின்சாரப் பகிர்வுப் பெட்டி) போர்வெல் ஸ்டார்ட்டரிலும் இரண்டாம் வகைத் தடுப்பான் வையுங்கள். நம் பக்கத்து நீர்மூழ்கி மோட்டார்கள் பல நூறு அடி ஆழத்தில் நீரில் தொங்குகின்றன. தொலைவிலுள்ள நல்ல நிலத்தைத் தேடும் மின்னலுக்கு அந்தக் கேபிள் ஒரு நேர்வழி என்பதை மறக்கக்கூடாது.

மொட்டை மாடி வேலை இன்னும் பல மாதங்கள் தள்ளி இருக்கிறது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். கைப்பிடிச் சுவரின் மேல் முழுச் சுற்றாக 8 மி.மீ. அலுமினியக் கம்பியை மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்து ஓட்டுங்கள். நடுவிலும் 15 மீட்டர் கட்டத்துக்கு மேல் போகாதபடி குறுக்குக் கம்பி ஒன்று. அலுமினியம் ஈரக் கான்கிரீட்டையும் சுண்ணாம்பையும் நேரடியாகத் தொட்டால் அரித்துவிடும், மண்ணுக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது, செம்போடு சேரும் இடத்தில் இருவுலோக இணைப்பான் தேவை. தண்ணீர்த் தொட்டியும் சூரியத் தகடுகளும் இந்த வலைக்கு மேலே தலைநீட்டினால் அவற்றுக்கு உயரக் கம்பிகளை நட வேண்டும். எவ்வளவு உயரம் என்பதை 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தைக் கட்டடத்தின் மேல் உருட்டிப் பார்க்கும் வரைபட முறையில் கணக்கிடுவார்கள். சூரியத் தகடுகளின் சட்டத்தை வலையோடு இணைத்துவிட்டு, இறங்கும் டி.சி. ஒயருக்கும் தடுப்பான் வைக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பம், சுற்றிலும் பெரிய ஆரத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கப்படும் முன்னுமிழ்வு வகை இடிதாங்கிகளை உங்களிடமும் கொண்டுவருவார்கள். இடிதாங்கி எதுவானாலும் அதன் உண்மையான உலோக அளவை மட்டுமே வைத்துப் பாதுகாப்புப் பரப்பைக் கணக்கிட வேண்டும் என்பது ஐ.ஈ.சி. 62305-இன் விதி, அந்த விதியின்படி அந்தக் கம்பமும் ஒரு சாதாரணக் கம்பமே.

ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட்டுக்கு முன் இணைப்புகளை அளவுகோல் தெரியும்படி புகைப்படம் எடுத்து, பில்லர் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல் தளம் முடிந்ததும் மொட்டை மாடி முனைக்கும் பிளிந்த் முனைக்கும் நடுவே தடையை அளக்கச் செய்யுங்கள், 0.2 ஓமுக்கு மேல் போகக்கூடாது. அதைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது, நான்கு ஒயர் முறையில் குறைந்த தடையை அளக்கும் கருவி வேண்டும். குடியேறிய பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணால் பார்த்தும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கருவி வைத்து முழுமையாகவும் சோதிக்க வேண்டும். கோடை மழை தொடங்குவதற்கு முந்தைய மாசி மாதம் அதற்கு ஏற்றது, நிலம் காய்ந்திருக்கும் நேரத்தில் வரும் அளவுதான் நம்பத்தக்க அளவு. அடுத்த வாரம் கான்கிரீட் வண்டி வருவதற்கு முன், பத்து வெளிப்பில்லர்களிலும் அந்தத் தனிக் கம்பி ஃபுட்டிங் மேட்டோடு இணைந்திருக்கிறதா, கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) நழுவி அது மண்ணைத் தொடாமல் ஐந்து சென்டிமீட்டராவது கான்கிரீட்டுக்குள் இருக்கும்படி நிற்கிறதா என்பதை நீங்களே குழிக்குள் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.